மெலிய வேண்டும், சரி. வெறும் வயிற்றோடு உழக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் யாருக்கும் புதிதில்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பெற்றோலைக் கண்ணால் காணமுடியாமல் இருந்தபோதும், 2022இல் எரிபொருள் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டபோதும் குடாநாட்டுச் சனத்தைச் சுமந்தது சைக்கிள்தான். அப்போதெல்லாம் வேலைக்கும் சந்தைக்கும் ரியூசனுக்கும் போய்ச்சேர ஓடினோம். இப்போது வேறொரு கூட்டம் வீதிக்கு வந்திருக்கிறது. வயிறு குறையவேண்டும், சீனியும் பிறஷரும் இறங்கவேண்டும் என்று விடிய ஐந்தரைக்கே லைற்றைப் போட்டுக்கொண்டு பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் பண்ணைப் பக்கமும் போகிற ஆக்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இவர்களில் பலர் சைக்கிளை எடுத்த கையோடு சோற்றை விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீண்டாலும் பொறுத்துக்கொண்டு பிரசுரிக்க வேண்டும்.

நான் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவள். பாடசாலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன், சனி ஞாயிறில் அயலில் உள்ள சில பெண்களோடு சேர்ந்து கொஞ்சம் தூரமாகவும் போவோம். தென்மேற்குக் காற்று வீசுகிற போன சோளகக் காலத்தில் ஒரு ஞாயிறு பண்ணையால் வேலணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை, கடை இல்லை, காற்று நேரே முகத்தில். மண்டைதீவுச் சந்தி தாண்டி அல்லைப்பிட்டிக்குக் கிட்ட ஒரு பெடியன் சைக்கிளை வீதியோரம் சரித்துவிட்டுக் குந்திக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். முகம் வெளிறி, நெற்றி வேர்வை குளிர்ந்துபோய், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கமுடியாத அளவுக்கு விரல் நடுங்கியது. "தம்பி, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை அன்ரி, பிளேன்ரீ மட்டும்தான். சோத்தை விட்டு ரெண்டு கிழமை" என்றார். எங்களோடு வந்த அக்கா ஒருவரின் பையில் எப்போதும் ஒரு பனங்கட்டிக் குட்டான் இருக்கும். அதை ஓலையோடு பிரித்து இரண்டு துண்டு உடைத்துக் கொடுத்தோம், தண்ணீர் குடிக்க வைத்தோம், பிறகு ஒரு வாழைப்பழம். கால் மணித்தியாலம் ஆகவில்லை, நடுக்கம் நின்று கதைக்கத் தொடங்கிவிட்டார். இருந்தும் தனியே விடாமல் ஒரு ஆளைக் கூட அனுப்பித் திருப்பிவிட்டோம். பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால், அவர் கைப்பிடியைத் தவறவிட்டு வீதிக்குள் விழுந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உடம்பில் சேமிப்பில் இருந்த மாச்சத்து தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நாங்கள் சாப்பிடுகிற சோறு, இடியப்பம், கிழங்கு எல்லாம் குளுக்கோசாகி, மிஞ்சியது கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் போய்த் தங்குகிறது. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 2000 கலோரி. கொழுப்பு எங்கள் உடம்பில் அள்ள அள்ளக் குறையாமல் இருக்கிறது என்பது உண்மை, மெதுவாக உழக்கும்போது அதுதான் பெரும்பாலும் எரிகிறது. ஆனால் காற்றுக்கு எதிரே அழுத்தி உழக்கும்போது கொழுப்பை அவ்வளவு வேகமாக எரிக்க உடம்பால் முடியாது, அப்போது மாச்சத்துத்தான் வேண்டும். மூளைக்கும் அதுதான் முதல் உணவு. இரண்டு கிழமை சோற்றை விட்டு அந்தச் சேமிப்பைக் காலியாக்கிவிட்டுச் சோளகத்துக்கு முகம் கொடுத்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லவேண்டும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து இருக்கிறது. சோற்றை விட்ட முதல் கிழமையில் தராசு இரண்டு கிலோ இறங்கியது என்று சொல்கிறவர்களுக்கு இறங்கியதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர். கொழுப்பு அவ்வளவு கெதியில் கரையாது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறையவேண்டும், கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மூன்றாம் கிழமை தராசு அசையாமல் நிற்கும்போது மனம் உடைந்து, சைக்கிளையும் விட்டு, பழையபடி இரவில் கொத்து ரொட்டிக்குப் போய்விடுகிறவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன். நல்ல காரியம் ஒன்று அநியாயமாகக் கெட்டுப்போகிறது.

எவ்வளவு குறைத்தால் போதும் என்றால், ஒரு நாளைக்கு 500 கலோரி அளவில் குறைந்தால் கிழமைக்கு அரைக் கிலோ போகும். முதல் மாதங்களில் அப்படித்தான், பிறகு கொஞ்சம் மெதுவாகும். 70 கிலோ உள்ள ஒருவர் மணித்தியாலத்துக்கு 16 முதல் 19 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 450 கலோரி செலவாகும். சும்மா கதைத்துக்கொண்டு ஆறுதலாகப் போனால் அதைவிட நல்லாகக் குறைவு. ஆகவே ஒழுங்காக ஓடுகிறவர் கோப்பையில் குறைக்கவேண்டியது 200, 250 கலோரிதான். கோப்பையிலிருந்து 1000 கலோரியை வெட்டிவிட்டு அதற்கு மேலே காங்கேசன்துறை வரை போய்வந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், தசை போனால் உழக்கும் பலம் போகும், இரவில் அடக்கமுடியாத பசியும் வரும். பகல் முழுக்கக் கிடந்த பட்டினி இரவு எட்டு மணிக்கு ஒரே மூச்சில் திரும்பி வந்துவிடுகிறது என்பதை வீட்டில் சமைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவார்.

அந்த 200, 250 எங்கே இருக்கிறது? சோற்றில் தேடுவதற்கு முதல் தேங்காயில் தேடுங்கள். எங்கள் காலைச் சாப்பாட்டைப் பாருங்கள். புட்டுக்குள் தேங்காய்ப்பூ, பக்கத்தில் தேங்காய்ச் சம்பல், மேலே தேங்காய்ப் பாலில் வைத்த சொதி. ஒரே கோப்பையில் மூன்று தரம் தேங்காய். 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது, அதே கலோரிக்குக் கால் கிலோ சோறு சாப்பிடலாம். தேங்காயே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், யாழ்ப்பாணத்துக் கறிக்கு அது இல்லாமல் ருசி இல்லை. ஆனால் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். சம்பல் இருந்தால் சொதிக்கு முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் பால் மட்டும் போதும், புட்டுக்குப் பூவைக் கையளவாகப் போடுங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் அது நல்லதுதான், உங்களுக்கென்று தனிச் சட்டி வைக்கவேண்டியதில்லை.

அடுத்தது தேத்தண்ணி. கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி, நாளுக்கு நாலு கோப்பை என்றால் சீனி மட்டும் 200 கலோரிக்குக் கிட்ட. சீனியில்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற எங்கள் பழைய பழக்கத்தில், சின்னத் துண்டு ஒன்றோடு கோப்பை முடிந்துவிடும். பின்னேரத்தில் கடை வாசலில் நின்று சாப்பிடுகிற ரோல்ஸ், வாய்ப்பன், வடை, அதோடு ஒரு சோடா, இதெல்லாம் விடிய ஓடிய ஓட்டத்தைப் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டுகிற நிற அடையாளம் 2016 முதல் இலங்கையில் இருக்கிறது, சிவப்பு என்றால் வைத்துவிட்டு வாருங்கள். கொத்து ரொட்டியைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை.

சரி, சோறு. சோறும் சைக்கிளும் ஒன்றோடொன்று ஏறி இறங்கவேண்டும், நான் சொல்ல வருவது இதுதான். தூரம் ஓடுகிற நாளில் சோறு கூட, ஓடாத நாளில் சோறு குறைவு, அந்த இடத்தைக் கத்தரிக்காய், பயற்றங்காய், முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி என்று மரக்கறியும் கீரையும் நிரப்பட்டும். முடிந்தால் தீட்டாத சிவப்பரிசி எடுங்கள், மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் இன்னும் நல்லது, தவிடு இருப்பதால் பசி தாங்கும். வீட்டில் எல்லாருக்கும் அரிசி அளந்து போடுகிற சுண்டையே உங்களுக்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம், தராசு வாங்கத் தேவையில்லை. நாள் முழுக்கச் சாப்பிடுகிற மாச்சத்தில் பெரும்பங்கு ஓடுவதற்கு முன்னும் பின்னும் வரட்டும், இரவு பத்து மணிக்குக் குவிக்கிற சோறு குறையட்டும்.

நேரத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் கூட. ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளே முடிகிற சாதாரண ஓட்டம் என்றால் விசேஷமாக ஒன்றும் வேண்டாம், முதல் நாள் இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் தண்ணீரோ பிளேன்ரீயோ குடித்துவிட்டுப் போகலாம், வந்து சாப்பிடலாம். அதற்கு மேல் போவதாக இருந்தால் ஒன்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு முதல் நாலைந்து இடியப்பம், அல்லது அரை மணித்தியாலத்துக்கு முதல் இரண்டு கப்பல் வாழைப்பழம். நார்ச்சத்தும் எண்ணெயும் கூடிய சாப்பாட்டை ஓடுவதற்கு முன் தவிருங்கள், உழக்கும்போது வயிறு பிரட்டும். குறிகட்டுவான் வரை போய்த் திரும்புகிற மாதிரி மூன்று நாலு மணித்தியால ஓட்டம் என்றால் வழியில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போகவேண்டும். நடுத்தர அளவான வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கிறது. ஆகவே வாழைப்பழம், பேரீச்சம்பழம், பனங்கட்டி, எது வசதியோ அதைப் பையில் போட்டு, பசிக்க முதலே, முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருதரமாவது சாப்பிடுங்கள். பசி தெரியத் தொடங்கினால் பிந்திவிட்டது. வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிற விலைகூடிய ஜெல் பக்கற்றில் இருப்பதும் அதே சீனிதான்.

வழியில் சாப்பிட்டால் மெலியமாட்டேனே என்று ஒரு தங்கச்சி கேட்டார். மெலிவார். வழியில் சாப்பிட்ட 200 கலோரி இன்னும் ஒரு மணித்தியாலம் கூட ஓடவைக்கும், வீட்டுக்கு வந்ததும் சட்டியோடு சாப்பிடாமல் காப்பாற்றும். கூட்டிக்கழித்துப் பார்த்தால் லாபம்தான்.

வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. எங்கள் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு, ஆகவே ஒரு சிட்டிகை உப்புப் போடலாம். வந்தவுடன் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப்போட்டு உப்புக் கூட்டிக் கலக்கிய மோர் ஒரு செம்பு குடித்துப் பாருங்கள், எனக்குத் தெரிய அதைவிடத் திறமான ஒன்றில்லை. பிறஷருக்குக் குளிசை எடுக்கிறவர்கள் மட்டும் உப்பு விஷயத்தை வைத்தியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புரதத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் கதைப்பதில்லை, எனக்கு இது பெரிய கவலை. உடம்பை மெலியவைத்துக்கொண்டு ஓடுகிற ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் கரைவது தசை. 60 கிலோ உள்ள பெண்ணுக்கு நாளுக்கு 72 முதல் 96 கிராம். காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோறும் ஒரு துண்டு மீனும், இரவு இடியப்பமும் சொதியும் என்றால் அதில் பாதிகூட வராது. 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் புரதம், முட்டை ஒன்றில் 6 கிராம், அவித்த கடலை ஒரு கோப்பையில் 14 கிராம் அளவில். பாரையும் அறக்குளாவும் வாங்கக் கட்டாது என்கிறவர்கள் சூடை, கீரி வாங்குங்கள், புரதம் குறைந்துவிடாது, முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீனில் கல்சியமும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் பொரியல் வேண்டாம், புளி விட்டுக் குழம்பாக வையுங்கள்.

நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. நாங்களும் அப்படித்தான், அதில் மாற்றம் செய்யச் சொல்லி யாரையும் கேட்கமாட்டேன். அந்த நாட்களில் உழுந்து, பயறு, கடலை, கௌபி, தயிர், சோயாமீற் என்று ஒவ்வொரு நேரமும் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே சேர்க்கவேண்டும். சோறும் பருப்பும் கத்தரிக்காயும் என்று விட்டால் குறையும். விரதம் பிடிக்கிற நாளில், முக்கியமாகக் கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கிறவர்கள், நீண்ட ஓட்டத்தை வைத்துக்கொள்ளவே வேண்டாம். கோயிலுக்குச் சைக்கிளில் போய்வந்தால் போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுதவேண்டும். படிப்பு, ரியூசன், சைக்கிள் எல்லாம் சேர்த்து நாளுக்கு எவ்வளவோ கிலோமீற்றர் ஓடுகிற பிள்ளைகள், "குண்டு" என்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகக் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வகுப்பில் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறதை நான் காண்கிறேன். செலவுக்குத் தக்க சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பைப் பலவீனமாக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது, ஆண்களுக்கும் இந்தப் பாதிப்பு உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் பரீட்சைப் பயம் என்று தள்ளிப்போடாமல் அம்மாமார் என்ன சாப்பிடுகிறாள் என்று பாருங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். வளருகிற பிள்ளையை மெலியச் சொல்லாதீர்கள். அந்த வயதில் ஓடட்டும், வயிறாரச் சாப்பிடட்டும்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்கிளசைட், ரொல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களும் வெறும் வயிற்றில் ஓடினால் சீனி திடீரென்று இறங்கி விழுந்துவிடலாம். ஓடத் தொடங்குவதற்கு முதல் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், பையில் இனிப்பு இல்லாமல் படலையைத் தாண்டவேண்டாம். மெற்ஃபோமின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு அந்தப் பயம் குறைவு.

தராசில் ஒவ்வொரு நாளும் ஏறி நிற்கிறதை விடுங்கள். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாலே அடுத்த நாள் காலையில் ஒரு கிலோ கூடக் காட்டும், அது உப்புப் பிடித்து வைத்த தண்ணீர். கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரம், போதும். அதைவிட நல்லது தையல் நாடாவால் இடுப்பை அளப்பது. எங்கள் தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் உள்ளே இருக்கவேண்டும் என்பதுதான் அளவு. தராசு அசையாத மாதத்திலும் நாடா இறங்குவதைக் கண்டிருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் உடல் மெலிய என்று வருகிற கட்டுரைகளில் ஓட்ஸ், புரோக்கோலி, ஒலிவ் எண்ணெய், பாதாம் என்று எழுதியிருக்கும். திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடம் சந்தைக்கும் போய் மரக்கறி வாங்குகிற எங்களுக்கு அதை வைத்து என்ன சமைப்பது? ஒரு நீத்துப்பெட்டி அரிசிமாப் புட்டில் எவ்வளவு மாச்சத்து, அதே புட்டு அவித்த கோதுமை மாவில் என்றால் எவ்வளவு, குரக்கன் என்றால் எவ்வளவு, ஒரு கோப்பை ஒடியல் கூழில் புரதம் எவ்வளவு, இரண்டு பனங்கிழங்கு சாப்பிட்டால் எவ்வளவு தூரம் ஓடலாம், இப்படி எங்கள் சாப்பாட்டுக்கு ஓர் அளவுப் பட்டியலை, போசாக்குத் துறையில் உள்ள ஒருவரைக் கேட்டு, ஞாயிறு தோறும் ஒரு உணவாக உங்கள் பத்திரிகையில் போடமுடியுமா? வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டிவைக்கக்கூடிய அளவில் போட்டால் இன்னும் உதவி. முதலில் புட்டைப் போடுங்கள். எங்கள் கூட்டத்தில் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
கோண்டாவில்.